பதி நிமிஷம்

ஐஸ் டப்பாவைக் கையில் எடுத்தாலே பாட்டு முணுமுணுக்கிற என் மோகனாக்காவுக்கு,

முதலில் ஒரு அசிங்கத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் இரங்கல் கூட்டத்தில் நான் தேம்பித் தேம்பி அழுததை ஆய்வகத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூடப் பிறந்தவன்கூட இப்படி அழமாட்டான் என்று உன் வீட்டுக்காரரே சொன்னாராம். அக்கா, அது பார்மாலின். செல்லுக்கு ஊற்றுகிற மருந்து பட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் துடைத்துவிட்டேன். இருபது வருஷம் டெக்னீஷியனாக இருக்கிறவன் கையுறை போடவில்லை என்று தெரிந்தால் மானம் போகும். அதனால் துக்கம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி ஊர்ச் செய்தி. ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்திருக்கிறார். லேசர் இல்லாமலே ஒளிர்கிறது. உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. மரியாதை ஒரு காரணம், ஒரு கால் ஆடுவது இன்னொரு காரணம்.

நீ கடைசியாகச் சேர்த்துக்கொண்ட மாணவி லாவண்யா இப்போதும் சித்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் திருப்பதிக்கு வருகிறாள். உன் வேலையைத்தான் செய்கிறாள். இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்காக, அது என்ன வேலை என்று நீ எனக்குச் சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன்.

“செல்லுக்குள்ள புரோட்டீன் எப்பவும் கெடக்கும்டா தம்பி. வெளியேந்து சேதி வந்தாத்தான் முழிச்சிக்கும். முழிச்சிக்கினவன் மேல ஒரு பாஸ்பேட்டு ஒட்டிக்கும். நம்ம ஆன்டிபாடி அவனை மட்டும்தான் புடிக்கும், தூங்கிக்கினு இருக்கறவனைத் தொடாது. அது கையில லைட்டு இருக்கு, மிஷின்ல லேசர் பட்டா எரியும். அவன் திரும்பிப் படுக்கறதுக்குள்ள பார்மாலினைப் போட்டு அப்டியே நிறுத்திடணும். அவ்ளோதான்.”

ரத்தப் புற்று வந்தவர்களின் செல்லில் தூங்கவே தூங்காத புரோட்டீன் எது, எந்த மருந்து அதைப் படுக்க வைக்கும் என்று முன்கூட்டியே பார்க்கலாம் என்பது உன் ஆசை. லாவண்யாவுக்கும் அதே ஆசை தொற்றிக்கொண்டது.

ஆனால் நீ போன பிறகு ஒன்றுமே ஒளிரவில்லை அக்கா. சேதி கொடுத்த செல், கொடுக்காத செல், இரண்டின் ஒளியையும் மெஷின் வரைகிற மேடுகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. மாதக்கணக்கில் இதே கதை. ஆன்டிபாடி கெட்டுப்போய்விட்டது என்றேன். ரேணிகுண்டாவில் பார்சலை வெயிலில் வைத்துவிட்டான் என்றேன். கரண்ட் போய்வந்ததில் ஃப்ரிட்ஜ் ஏமாற்றிவிட்டது என்றேன். நான் குறை சொல்லாதது என்னை மட்டும்தான்.

போன மாதம் துறைத் தலைவர் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு தடவை பார், வராவிட்டால் இந்த வேலையை மூடு, வேறு தலைப்பு எடு. வேறு தலைப்பு என்றால் லாவண்யா அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் நைனா ஏற்கெனவே பேங்க் பரீட்சைக்குப் புத்தகம் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டாராம். அவள் பேசுவதே குறைந்துபோனது. நம்ம லாவண்யா பேசவில்லை என்றால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று உனக்குத் தெரியாதா?

அந்தக் கடைசித் தடவைக்கு முந்தின நாள் காலையில், நகரியிலிருந்து நான் வந்த பஸ் வடமாலபேட்டையில் பஞ்சர். கண்டக்டர் கீழே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“டீ குடிச்சிக்கினு இருங்க சார். பதி நிமிஷம் ஆவும்.”

டீ கிளாஸ் வாய்வரை வந்து நின்றுவிட்டது. பதி. தெலுங்குப் பதி. பத்து.

உன் நோட்டு ஞாபகம் வந்தது அக்கா. சித்தூரில் தெலுங்கு மீடியத்தில் படித்து, சினிமா போஸ்டரைப் பார்த்துத் தமிழ் எழுத்துக் கற்றவள் நீ. திட்டுவது தமிழில், எண்ணுவது தெலுங்கில். எழுதும்போது பாதி எழுத்துக்குக் கால் இருக்காது. ‘காலையில் காபி’ உன் கையில் ‘கலையில் கபி’. அந்த நோட்டில் தமிழ் எழுத்தில் நீ எழுதியிருந்தது: “பார்மாலின், பதி நிமிஷம்.” நீ இருந்தவரை அதை ஊற்றி நேரம் பார்த்தது நீயேதான். லாவண்யாவுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் வாசித்துச் சொல்லும் பண்டிதர் நான். அக்கா மறுபடியும் கால் விட்டுவிட்டாள் என்று நானே ஒரு கால் சேர்த்து, ‘பாதி நிமிஷம்’ ஆக்கினேன்.

அன்றே அவள் கேட்டாள், “அர நிமிஷமேனா சார்? புக்குல பத்துன்னு இருக்கே.” அதெல்லாம் குளிர் நாட்டுக் கணக்கு, நம்ம வெயிலுக்கு அரை நிமிஷமே ஜாஸ்தி என்றேன். விழித்த புரோட்டீன் எல்லாம் மருந்து பிடிக்குமுன் திரும்பிப் படுத்துத் தூங்கியிருக்கிறது. ஆன்டிபாடி பாவம், விளக்கைப் பிடித்துக்கொண்டு யாருமில்லாத தெருவில் நின்றிருக்கிறது.

கடையிலிருந்தே போன் செய்து சொன்னேன். லாவண்யா முழுசாகக் கேட்டுவிட்டு, நிதானமாக ஒரு கேள்வி போட்டாள்.

“சார், மீரு தமிழ் மீடியமே கதா?”

தமிழ் மீடியத்தில் படித்தவர்தானே என்கிறாள். உன் மாணவிதான் அக்கா, சந்தேகமே இல்லை.

மறுநாள் பத்து நிமிஷம் வைத்தோம். நான் கடிகாரத்தைப் பார்க்க, அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் முதல் மேடு இருந்த இடத்தில் இருந்தது. இரண்டாவது மேடு மெல்லப் புள்ளி புள்ளியாக வலப்பக்கம், ஒளி கூடுகிற பக்கமாகத் தள்ளி எழுந்தது. விழித்துக்கொண்டுவிட்டன. லாவண்யா உன் ஆடுகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நான் தடுக்கவில்லை.

தலைவர் இரண்டு தடவை திருப்பிச் செய்யச் சொன்னார். இரண்டு தடவையும் வந்தது. திங்கட்கிழமை முதல் நோயாளிகளின் ரத்தம் வருகிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் இனி பார்க்க முடியும். பேங்க் புத்தகத்தை அவள் நைனா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம்.

ஒன்று சத்தியம் செய்கிறேன். உன் நோட்டைத் திருத்தி எழுதமாட்டேன். நீ எழுதியதை எழுதியபடியே வாசிப்பேன். உன் எழுத்துக்குக் கால் வைக்க இனி நான் ஆள் இல்லை.

உன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட,
கூடப் பிறக்காத தம்பி
கோபி

இன்னொன்று: உன் கூட்டம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று ஆய்வகம் பூட்டியிருந்தது, பார்மாலினும் உள்ளேதான் இருந்தது.