அணைக்காத பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

நெட்டைத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இன்னும் இளைத்தால் இன்னும் உயரமாகத் தெரிவாய், பார்த்துக்கொள். நான் இருக்கிறேன். லாண்டரி வேலைக்குத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன் செய்யாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதே. கூட்டாளிகள் நீயும் என் தம்பி சின்னவனும் ஒரே போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசுவீர்கள். உன் குரல் கேட்டால் பின்னாலேயே அவன் சிரிப்பும் வரும். அதை நான் தாங்கமாட்டேன்.

விஷயம் சின்னவனின் கிட்டார் பெட்டி. காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றுவானே, அது இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அன்றைக்குக் கிட்டார் கம்பி ஒன்று அறுந்துவிட்டது, வாங்கிவரக் கிளம்பினான். செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா, பெட்டிய அணைச்சிடாத. ஒரு சத்தம் பாதியில நிக்குது. இதோ வந்துடறேன்" என்றான். "உன் இதோ எனக்குத் தெரியாதா, விடிஞ்சிடும்" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். தெருமுனைகூடத் தாண்டவில்லை, லாரி அடித்து அங்கேயே போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் அதை அணைக்கவில்லை. தொடவும் இல்லை. கால் பட்டுவிடும் என்று அந்த அறையைப் பெருக்குவதே இல்லை. கிட்டார் கட்டில்மேல் அப்படியே கிடக்கிறது, வயரும் செருகியபடி. பெட்டியின் சின்னத் திரையில், மூலையில் ஈ என்கிற இங்கிலீஷ் எழுத்து விட்டுவிட்டு எரிகிறது. துணிக்குக் குறி போட்டுப் போட்டு எழுத்து தெரியும். அது ஏன் எரிகிறது என்று தெரியாது. மின்விசிறி ஒரு சுற்று மெதுவாகச் சுற்றினால்கூட என் உயிர் போய்த் திரும்புகிறது.

இப்போது வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, மீட்டரை மாற்ற ஆள் வரும், அரை நாள் கரண்டு இருக்காது என்கிறார். அணைந்தால் அவன் சத்தம் என்ன ஆகும்? நான் என்ன செய்ய வேண்டும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அவனை எடுத்த அன்றைக்கு நீ வந்து எதிர்ச்சுவர் ஓரமாக நின்றுவிட்டுப் போனாய். பார்த்தேன். கோபம் இல்லை.

உன் அக்கா


மார்ச் 7, சனி

அக்காவுக்கு, நெட்டை.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். ஈ எரிந்தால் சத்தத்தை மாற்றியிருக்கிறான், ஆனால் சேவ் செய்யவில்லை என்று அர்த்தம். கரண்டு போனால் போய்விடும். வேறொரு மிதியை மிதித்தாலும் போய்விடும். நீங்கள் பெருக்காதது நல்லதாகப் போயிற்று.

அவன் மறந்து விட்டுவிடவில்லை, அக்கா. எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. உறுமல், எதிரொலி, முழக்கம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு சத்தத்தைக் கட்டுவோம். ஆனால் இரண்டு பேர் காதால் கேட்டுச் சரி என்று சொன்னால்தான் சேவ். இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். போனில் கேட்டது கணக்கில் வராது. அந்த வாரம் நான் வருவதாக இருந்தது. எனக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறான்.

செய்ய வேண்டியது: வலது ஓரத்துப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். எந்த இடத்தில் வைக்கட்டும் என்று எண் காட்டும். பக்கத்திலிருக்கும் குமிழைத் திருகி 99-க்குக் கொண்டுபோங்கள், அது காலி இடம். திரும்ப அதே பொத்தான். ஈ மறைந்தால் முடிந்தது. 99-க்குப் போகாமல் அழுத்தினால் பழைய சத்தத்தின்மேல் ஏறிவிடும்.

என்னை வரச் சொல்லாதீர்கள். அன்றைக்கு உங்கள் வாசல் வரைக்கும் வந்தேன், கால் ஏறவில்லை. அந்தச் சத்தத்தில் அவன் எப்படி இருப்பானோ என்று பயமாக இருக்கிறது.

நெட்டை


மார்ச் 12, வியாழன்

நெட்டைத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே மீட்டர்காரர் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை இல்லை, நேற்று, புதன்கிழமை. வேறு இடத்து வேலை தள்ளிப்போனதாம். "ஒரு பத்து நிமிஷம் பொறுங்க" என்றேன். "ஏம்மா, உள்ள ஆபரேஷனா நடக்குது?" என்றார். "ஆமாங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மனுஷன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். துடைக்கத் துடைக்க வேர்த்தது. நேராகப் பொத்தானை அழுத்தியிருக்கலாம். ஆனால் கேட்காமல் சேவ் செய்யக்கூடாது என்பது அவன் சட்டம். நீயும் வரமாட்டேன் என்கிறாய். வேறு யார் இருக்கிறார்கள்?

எனக்கும் உன் பயம்தான். அவன் அலறுவது மாதிரி இருந்துவிட்டால் அதற்குப் பிறகு நான் எந்தக் காதோடு வாழ்வது? ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கம்பியைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. திரும்பத் தட்டினேன், இல்லை. என் கையாலேயே தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எழுந்து போகும்போதெல்லாம் கிட்டாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னக் குமிழை மூடிவிட்டுப் போவான். அதைத் திருகித் தட்டினேன்.

வந்தது, தம்பி.

எனக்கு உங்கள் பாஷை தெரியாது. ஈரப் போர்வையை இரண்டு பேர் பிடித்து உதறுவோமே, முதலில் பட்டென்று ஒன்று. பிறகு அந்த நீர்த்தூள் மெதுவாக இறங்குகிற மாதிரி, கீழே போகப் போக மெல்லிசாக. முடிந்தது என்று நினைக்கும்போது ஆள் இல்லாத மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற மாதிரி அடியிலிருந்து திரும்ப வருகிறது. அலறல் இல்லை. அவன் நல்லபடியாகத்தான் இருந்திருக்கிறான்.

"அம்மா, நேரமாச்சு, கட் பண்ணிடட்டா?" என்று வெளியிலிருந்து குரல். பொத்தானை அழுத்தினேன், 99-க்குத் திருகினேன். "இருங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை அழுத்தினேன். அதே நேரம் எல்லாம் அணைந்துவிட்டது. ஈ மறைந்தது நான் அழுத்தியதாலா, திரையே போனதாலா, எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கரண்டு வந்துவிட்டது. நான் பெட்டியைப் போடவில்லை. சுவிட்ச் வரைக்கும் கை போகிறது, அதற்குமேல் போகவில்லை. உன் கால் வாசல்படி ஏறாதது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நான் ஒருத்தி கேட்டாயிற்று. சரி என்று சொல்லியும் ஆயிற்று. இன்னும் ஒரு காது பாக்கி. அதற்குமேல் உன்னை வற்புறுத்தமாட்டேன்.

அக்கா


மார்ச் 17, செவ்வாய்

அக்கா,

பெட்டியைப் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். தெருமுனைக்கு வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள், தனியாக ஏறமாட்டேன்.

சுவிட்சை நான் போடுகிறேன், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். 99 காலியாக இருந்தாலும் இருக்கட்டும். போர்வை, நீர்த்தூள், மாடிப்படி என்று எழுதியிருக்கிறீர்களே, அது போதும். எவ்வளவு காலம் ஆனாலும் அடுக்கிக் கட்டுவேன். நீங்கள் கேட்டு "இல்லை, இது இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். நீங்கள் சரி என்று சொல்கிறவரைக்கும் சேவ் செய்யமாட்டேன்.

அறுந்த கம்பிக்குப் புதுசு வாங்கி வருகிறேன்.

நெட்டை