தோலோடு அரைத்த எலுமிச்சம்பழம்

அப்பா,

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அம்மா சந்தையிலிருந்து கீரைக்கட்டோடு திரும்பி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். எலுமிச்சம்பழத் தோல் அரைபட்ட வாசம் வீட்டுக்குள்ளிருந்து தெருவரைக்கும் வந்துகொண்டிருந்தது. பையைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருக்குடி அடி விழுந்துச்சு?"

நான் மிக்சிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நீங்கள் போன பிறகு அம்மா சமயநல்லூருக்கு வந்து எங்களோடு தங்கி நாலு வருடம் ஆகிறது. இந்த வீட்டில் அந்த வாசம் வந்தது அதுதான் முதல் தடவை.

இதைப் படிக்க நீங்கள் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். உங்களிடம் உண்மை பேசும் தைரியம் எங்கள் யாருக்கும் வந்ததில்லை. ஒரு ஜூஸ் கசக்கிறது என்று சொல்லக்கூட வந்ததில்லை.

ஆமாம் அப்பா, கசக்கும். உங்கள் குவைத் ஜூஸ் எப்போதுமே கசக்கும்.

குவைத்தில் வெல்டராக இருந்த இரண்டு வருடத்தில், கேம்ப் சமையல்காரர் ஒருவர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அது. பழத்தைப் பிழியக் கூடாது. தோலோடு எட்டுத் துண்டாக நறுக்கி, விதை எடுத்து, ஐஸ் தண்ணீர் விட்டு மிக்சியில் அடிக்க வேண்டும். வடிகட்டி, டப்பாப் பாலும் சீனியும் போட்டு மறுபடி ஓர் அடி. வெள்ளையாக, நுரை கட்டி, மோருக்கும் பாயசத்துக்கும் நடுவில் ஒன்று வரும். எலுமிச்சம்பழத்தோடு பால் சேர்ந்தால் திரிந்துபோகுமே என்று நம் அவனியாபுரத்தில் கேட்காத ஆளில்லை. "டப்பாப் பால் திரியாதுடா, அதான் சூட்சுமம்" என்பீர்கள். உங்கள் வெல்டிங் பட்டறையிலிருந்து சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்து டப்பாவில் இரண்டு ஓட்டை போடுவீர்கள். அந்த இரண்டு அடி கேட்டதும் எனக்கு மூச்சு வரும். இன்றைக்கு இனி அடி இல்லை என்று அர்த்தம்.

நீங்கள் சும்மா இருக்கிற நாளில் அந்த ஜூஸைப் போட்டதே கிடையாது. பங்குனி வெயிலில் நாக்கு வறண்டு கிடந்தாலும் போட மாட்டீர்கள். யாரையாவது அடித்த பிறகுதான் போடுவீர்கள். இது உங்களுக்கே தெரியுமா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரிக்கும் தெரியும். நீங்கள் கடையிலிருந்து எலுமிச்சம்பழத்தோடு வந்தால் அவள் அம்மாவைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், மஞ்சள்தூளை முந்தானையில் முடிந்துகொண்டு.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கூடப் படிக்கிற பையனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தேன் என்று வெல்டிங் கேபிளால் அடித்தீர்கள். கேபிள் கனமானது, விழுந்த இடத்தில் முதலில் வலிக்காது, பிறகுதான் தீயாய்ப் பற்றும். முதுகில் நாலு, காலில் மூன்று. எண்ணியது நானில்லை, எண்ணெய் தடவிய அம்மா. அரை மணி நேரத்தில் டம்ளரோடு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். உங்கள் விரல்களில் எப்போதும் தீப்புண் இருக்கும். எலுமிச்சஞ்சாறு அதில் பட்டால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். முகத்தைக்கூடச் சுளிக்காமல் பழம் நறுக்கியிருந்தீர்கள்.

"குடிச்சுரு தாயி. அடிக்கிற கைதான் அணைக்கும்."

குடித்தேன். உங்கள் மடியில் தலையை வைத்துத் தூங்கியும் போனேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உங்கள் மேல் ஆத்திரம் வருகிறது. கேபிளை நினைத்துக்கூட அவ்வளவு வருவதில்லை.

பிறகு அந்தப் பொங்கல். ஊரில் ஜல்லிக்கட்டுக்கு மாடு அவிழ்க்கிற நாள். நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் என்று சொந்தமெல்லாம் வந்து குவிந்திருந்தது. கொட்டாம்பட்டியிலிருந்து மாமாவும் வந்திருந்தார். மாடு ஒன்று தடுப்பை முட்டிக்கொண்டு நம் தெருப்பக்கம் திரும்பியபோது நீங்கள் இரண்டு எட்டு பின்னால் வந்தீர்கள். அம்மா சிரித்துவிட்டாள்.

"மாடியில நிக்கையிலயே உங்க மச்சானுக்குக் கால் உதறுது பாருடா" என்றாள் மாமாவிடம்.

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், நன்றாகவே சிரித்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு நிமிசம் கீழ வா" என்று அம்மாவைக் கூப்பிட்டீர்கள். தண்ணீர்ச் செம்பு எடுக்கிற சாக்கில் நானும் பின்னால் வந்தேன். அடுப்படிக்குள் போனதும் ஒரே அறை. காதோடு சேர்த்து. அவள் தலை மேடைக் கல்லில் மோதிய சத்தம் மாடியில் இருந்த யாருக்கும் கேட்கவில்லை, அங்கே மைக் அலறிக்கொண்டிருந்தது. கீழே சரிந்தவளின் முடியைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று. அவள் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிப் புதுச்சேலையில் சொட்டியது. நான் செம்போடு வாசலில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"நாலு எலுமிச்சம்பழம் போதாது, பத்தா வாங்கியா" என்றீர்கள்.

அன்றைக்குப் பதினாறு டம்ளர் போட்டீர்கள். "தை மாசத்துல எலுமிச்சம்பழமாண்ணே?" என்று யாரோ கேலி பண்ணினார்கள். அம்மா வேறு சேலை மாற்றி, காதில் துணியை வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு மேலே வந்தாள். மாமா பார்த்துவிட்டார்.

"என்னக்கா?"

"அடுப்படி மேடையில இடிச்சுக்கிட்டேன்டா."

மாமா உங்களைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், குடித்தார். அம்மா ஒரே மூச்சில் குடித்து, "நல்லாருக்கு" என்றாள். அவளுடைய இடது காது அன்றோடு போயிற்று. இப்போதும் அவளிடம் பேச வேண்டுமென்றால் வலப்பக்கம் போய்த்தான் உட்கார வேண்டும்.

அது ஏன் கசந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். தோலோடு போட்டால் மிக்சியை இரண்டு திருப்புத் திருப்பி நிறுத்திவிட வேண்டும். வாசம் இறங்கிவிடும், கசப்பு இறங்காது. நீங்கள் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு, வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். உங்களுக்கு எதிலுமே நிறுத்தத் தெரியாது. ஒருநாள் நீங்கள் பட்டறையில் இருந்தபோது நானும் அம்மாவும் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தோம். கரண்ட் போய்விட்டது, மிக்சி பாதியில் நின்றது. இருக்கிறதை வடிகட்டிக் குடித்தோம். அம்மா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இம்புட்டு நல்லா இருக்குமாடி இது?"

சிரிப்பை அடக்க முடியவில்லை இரண்டு பேருக்கும். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவருகிட்டச் சொல்லிறாத. தப்புச் சொன்னா மறுபடி ஆரம்பிச்சிருவாரு."

சொல்லவில்லை. உங்கள் கருமாதிக்குப் படையலில் வைக்க அதை நான்தான் போட்டேன். இரண்டு திருப்பில் நிறுத்தப் போன என்னை அம்மா தடுத்தாள். "நல்லா ஓட விடு. கசந்தாத்தான் அவருக்கு அடையாளம் தெரியும்." இலையில் வைத்தோம். பட்டறை ஆட்கள் அழுதார்கள். நானும் அழுதேன், அதில் பொய் இல்லை.

சரி, அந்தச் சித்திரை ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா குடும்பம் சாப்பிட வந்திருந்தது. என் மகளுக்குப் பத்து வயது. யாரைப் போலவும் பேசிக் காட்டுவாள். நான் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டருக்கு வருகிறவர்களிடம் போனில் நான் பேசுவதைப் பேசிக் காட்டினாள். "சார், வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வாங்க சார். அடக்கிக்கிட்டு வாங்க சார். நடுவுல போயிட்டு வந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல சார்!" இடுப்பில் கை வைத்து, மூக்கை விடைத்து, அப்படியே நான். எல்லாரும் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட என் வீட்டுக்காரர் போனார். அம்மாவும் கூடவே சந்தைக்குப் போனாள். "ஒரு நிமிசம் வா" என்று மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

முதல் அடி கை மீறி விழுந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதும் மூன்றாவதும் நான் அடித்தவை. இரண்டாவதற்கு அவள் சுவரோடு ஒண்டினாள். ஒண்டியவளைத் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தி மூன்றாவது அறை. பிரிட்ஜ் கதவின் விளிம்பில் வாய் மோதி உதடு கிழிந்தது. பல்லெல்லாம் ரத்தம். அவள் கத்தவில்லை. கத்தாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்தது எங்கிருந்து வரும் என்று.

அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? அவள் வாயைக் கழுவினேன். உதட்டில் ஐஸ் வைத்தேன். பிரிட்ஜைத் திறந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். அடுத்த தெருக் கடைக்குப் போய் டப்பாப் பால் வாங்கி வந்து, ஆணியால் இரண்டு ஓட்டை போட்டேன். என்ன செய்கிறோம் என்கிற நினைப்பே இல்லை. கை தானாகச் செய்தது. மிக்சியைக் கடைசிவரை திருகிவிட்டு வெறித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அம்மா வந்து கேட்டாள், யாருக்கு அடி விழுந்தது என்று.

டம்ளரை நீட்டினேன். மகள் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். கிழிந்த உதட்டில் எலுமிச்சை பட்டால் எரியும், முகம் சுளிக்கவில்லை. கண் மட்டும் என் கையை விட்டு நகரவில்லை.

"நல்லாருக்கும்மா" என்றாள்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜாரில் மிச்சம் இருந்ததை நான் வாயில் ஊற்றிக்கொண்டேன். பச்சை வேம்பு, அப்பா.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து உதட்டைப் பார்த்துப் பதறினார். "பிரிட்ஜ் கதவுல இடிச்சுக்கிட்டேன்ப்பா" என்றாள் அவள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அவர் முன்னால் போய் நின்றேன். "பொய் சொல்றா. நாந்தான் அடிச்சேன். மூணு அடி." அவளைப் பார்த்து, "அடிச்சது தப்பு. அம்மாதான் தப்பு" என்றும் சொன்னேன். நீங்கள் ஒருநாளும் சொல்லாத வார்த்தை, சொல்லிவிட்டால் ஏதோ ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். "பரவாயில்லம்மா" என்றாள். அம்மாவும் உங்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் பேசிக் காட்டவில்லை. நான் கரண்டியை எடுக்கக் கையைத் தூக்கினாலும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் கேட்டதற்கெல்லாம் சரி என்றாள். அவ்வளவு நல்ல பிள்ளையை வைத்துக்கொண்டு நான் ராத்திரி பகலாகப் பயந்துகொண்டிருந்தேன். இந்தப் பிள்ளை என்னிடம் இனி வாழ்நாள் முழுக்கப் பொய்தான் சொல்லுமோ என்று.

போன வாரம், புரட்டாசி வெயில் பொன்னுருகக் காய்ந்த ஒரு மத்தியானம், எதுவுமே நடக்காத நாளில், எலுமிச்சம்பழம் எடுத்து நறுக்கினேன். "எதுக்குடி இப்ப?" என்றாள் அம்மா. "சும்மாதான்" என்றேன். திருட்டுத்தனமாகப் போட்ட அந்த ஒரு நாளைத் தவிர, அந்த வீட்டிலும் சரி இந்த வீட்டிலும் சரி, அதை யாரும் சும்மா போட்டதில்லை. மிக்சியை இரண்டே திருப்பு. நிறுத்தினேன். வடிகட்டி, டப்பாப் பால் விட்டு, ஐஸ் போட்டு, மூன்று டம்ளர். எனக்கு ஒன்றை எடுத்துக் குடித்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது.

மகள் ஒரு வாய் குடித்தாள். என் கையைப் பார்த்தாள். டம்ளரை மேடையில் வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வேணாம்."

உள்ளதைச் சொல்கிறேன். என் வலது கை சுருசுருவென்றது. இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்டால் வேண்டாமா என்று தோளிலிருந்து சூடு இறங்கி விரல் நுனிக்கு வந்தது. அது உங்கள் கை, அப்பா. எனக்கு அடையாளம் தெரிந்தது. இரண்டு கையையும் சிங்குக்குள் விட்டுக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஓடவில்லை, அங்கேயே நின்றாள்.

"சரி" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். வேணாம்னா வேணாம்."

பிறகு வாசலுக்குப் போய் யாரையோ கூப்பிட்டு விளையாடப் போனாள். அம்மா தன் டம்ளரோடு அடுப்படி வாசலில் இருந்தாள். எத்தனையோ வருடம் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தவள், அதை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கும் வேணாம்டி" என்றாள்.

இரண்டு டம்ளரையும் சிங்கில் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தேன். கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவினேன். ஒரு வாரமாகியும், இதை எழுதுகிறபோது விரலில் அந்த வாசம் இருக்கிறது.