பல்கீஸின் டார்ச்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பஜார் ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம். நாற்பத்தொன்பது வயதில்.

என் சிநேகிதி பல்கீஸ் போய் நாற்பது நாள். வெள்ளி மதியம் நினைவுக் கூட்டம். எச்.எம். பட்டியல் கொடுத்தார்: பிரார்த்தனை, ஃப்ளெக்ஸ் படம், மாலை, ஆறு பேச்சு. கடைசியில் நாடகம், பத்து நிமிடம்.

"பத்து நிமிஷம் போதாது."

"டீச்சரே, அது நடக்கிறதே வலிய காரியம். வெள்ளிக்கிழமை நாடக பீரியட் கணக்குக்கு வேணும்னு பேரண்ட்ஸ் கேக்கறாங்க. ஸ்கூல் மேனேஜர் வராரு இல்லே, பார்த்துட்டுத் தீர்மானிக்கட்டும்."

வெள்ளிக்கிழமை சொதப்பினால் நாடக கிளப் இல்லை. பன்னிரண்டு வருடம் அவள் தன் கடையிலிருந்து லைட், மைக், திரை எல்லாம் கொண்டுவந்து நடத்தியது. "கல்யாண வீட்டுக்கு லைட் கட்டறது வயித்துக்கு. இது எனக்கு" என்பாள்.

ஜூலை 9, புதன்

பல்கீஸின் தங்கை வந்தாள். கையில் மஞ்சள் பிளாஸ்டிக் டார்ச். "வேற ஆருக்குக் குடுக்க, டீச்சர்? பல்கீஸ் இத்தா உங்களுக்குத்தான் வெச்சிருக்கும்."

எல்லா நாடகத்துக்கும் பல்கீஸ் ஹாலின் பின்னால், ஸ்விட்ச் போர்டு பக்கம் நிற்பாள். விளக்கை அணைப்பாள். டார்ச் இரண்டு தடவை மின்னும். அதன் பிறகுதான் பிள்ளைகள் வாயைத் திறக்க வேண்டும். முன்னால் திறந்தால் திட்டு.

பையில் போட்டேன். வெளியே எடுக்க முடியவில்லை.

வாங்க: கறுப்புத் துணி (ஹால் ஜன்னல், ஆறு), சேஃப்டி பின், பிரஷர் மாத்திரை, மத்தி.

ஜூலை 10, வியாழன்

ஒத்திகை. விளக்கு அணைக்கவில்லை, கைதட்டித் தொடங்கி வைத்தேன். மீன்காரி வேஷம் போடும் ஆன்சி, ஒன்பதாம் வகுப்பு, கேட்டாள்: "டீச்சரே, நாளைக்கு டார்ச் ஆரு அடிக்கும்?"

"பார்த்துக்கலாம்." பார்க்கவில்லை.

பல்கீஸ் போவதற்கு முந்தின நாள் சாயா குடிக்கும்போது "நெஞ்சு எரியுதுடீ" என்றாள். "கேஸ்தான். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் அத்தனை தின்னா?" என்றேன். எம்.ஏ. படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள். மறுநாள் விடியுமுன் போய்விட்டாள். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் இனி எழுத மாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

மழை விட்டிருந்தது. ஃப்ளெக்ஸில் அவளுக்குப் பின்னால் ரோஜாத் தோட்டம். பார்த்திருந்தால் சிரித்துச் செத்திருப்பாள். (இதை ஏன் எழுதினேன்.)

பேசிய ஆறு பேரில் நாலு பேர் அவளை நேரில் கண்டதில்லை.

பிறகு யாரோ ஹால் விளக்கை அணைத்தார்கள். திரை விலகியது. மேடை வெளிச்சத்தில் ஐந்து பிள்ளைகள், மீன்கூடை, அசைவில்லை. வசனம் மறந்துவிட்டதா? தீர்ந்தது, எல்லாம் தீர்ந்தது.

முன்வரிசையில் மேனேஜர் எழுந்தார். எச்.எம். எழுந்தார். நாற்காலிகள் கிரீச்சிட்டன, ஹால் முழுக்க எழுந்து தலை குனிந்தது. மௌன அஞ்சலி என்று நினைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகள் டார்ச்சுக்குக் காத்திருக்கிறார்கள்.

டார்ச் மடியில், பைக்குள். விரல் பட்டன் மேல். அழுத்தினால் அவள் இடத்தில் நான். அவள் இனி இல்லை. அழுத்தவில்லை. எவ்வளவு நேரமோ. பிள்ளைகள் கண்கூடக் கொட்டவில்லை. அப்படிப் பழக்கியிருக்கிறாள்.

மேடையிலிருந்து ஆன்சியின் அடிக்குரல். மைக் அதையும் பிடித்தது: "டார்ச் அடிங்க டீச்சரே! கூடை கனக்குது!"

யாரோ சிரித்தார்கள். எழுந்து பின்னால் நடந்தேன். ஸ்விட்ச் போர்டு பக்கம் நின்று அழுத்தினேன். மங்கலாக ஒன்று. இரண்டாவது வரவில்லை. உள்ளங்கையில் தட்டினேன். தட்டினேன். வந்தது.

நாடகம் தொடங்கியது. ஒரு வசனமும் என் காதில் விழவில்லை. எப்போது உட்காருவது என்று தெரியாமல் பாதிப் பேர் நின்றுகொண்டே பார்த்தார்கள்.

ஜூலை 14, திங்கள்

மறுபடி மழை. ஸ்டாஃப் ரூமில் புது டைம்டேபிள். வெள்ளி, கடைசி பீரியட்: கணக்கு.

எச்.எம். அறைக்குப் போனேன்.

"மேனேஜருக்கு நல்லாப் பிடிச்சுது டீச்சரே. அந்த மௌனம்! கண்ணு நெறஞ்சு போச்சு. வருஷா வருஷம் அது வெக்கலாம். நாடகம் வேணும்னில்லை."

அது மௌனம் இல்லை, அவள் வருவாள் என்று பிள்ளைகள் நின்றது. சொல்லியிருக்கலாம். அழுதுவிடுவேன் என்று பயம். வாசல் வரை வந்து, திரும்ப உள்ளே போனேன்.

"வெள்ளிக்கிழமை பள்ளி விட்டப்புறம் ஹால் சாவி கிடைக்குமா?"

"எதுக்கு?"

மணி அடித்துவிட்டது. அவர் கை சாவிக்கொத்து வரை நீண்டது; கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் நகரவில்லை.

வாங்க: டார்ச்சுக்குப் பெரிய செல், இரண்டு. வியாழனுக்குள்.