ஆயுத பூஜையன்று ஒரு சுற்று

25 செப்டம்பர் 1961, திங்கள்

இருபது வருடம் கார் ஓட்டிய மனிதரை, மனைவி ஓட்டும் காரில் உட்கார வைப்பது எப்படி? எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் மாணவிகள் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் நாளை சொல்கிறேன் என்பேன். இதற்கு அப்படியும் சொல்ல முடியாது.

மார்ச்சில் இவருக்கு வாதம் வந்தது. கால் தேறிவிட்டது, இடது கை தேறவில்லை. கியர் போட இடது கை வேண்டும். அன்றிலிருந்து ஆஸ்டின் கொட்டகைக்குள் நின்றது, இவர் வீட்டுக்குள் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட வருவதில்லை.

ஜூலையில் நான் லைசென்ஸ் எடுத்தேன். பட்டாளத்தில் லாரி ஓட்டிய ஆரோக்கியசாமி அஸ்தம்பட்டியில் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸை இவரிடம் காட்டினேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அதிலிருந்து காலேஜுக்கு நானே ஓட்டிப் போய் வருகிறேன், இவர் ஏறுவதில்லை.

1 அக்டோபர், ஞாயிறு

இவருடைய தம்பி ஞானதாஸ் வந்தார். கூட்டுறவு சங்கத்தில் அதிகாரி. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அதே அதிகாரம்தான். வண்டிக்கு ஆள் பார்த்துவிட்டாராம். ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் தண்டாயுதபாணி என்பவர். விஜயதசமி நல்ல நாள், அன்று வந்து எடுத்துக்கொள்வாராம்.

"ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்குங்க அண்ணி?"

நான் இருக்கிறேன் என்றேன். சிரித்தார். "காலேஜுக்குப் போயிட்டு வர்றதெல்லாம் ஓட்டமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அப்ப நான் என்ன பொம்மை வண்டியா ஓட்டறேன்? வாயில் வந்ததை விழுங்கிவிட்டு வேறொன்று சொன்னேன். ஒருநாள் எல்லோரும் ஊர் பார்க்கப் போவோம். இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, மல்லசமுத்திரம், பொழுது சாய்வதற்குள் சேலம். நான் ஓட்டுகிறேன். ஒழுங்காகத் திரும்பினால் வண்டி இங்கேயே இருக்கட்டும்.

ஞானதாஸ் யோசித்தார். "நடுவுல ஒருத்தர் கை கொடுக்க வேண்டி வந்தாலும், வண்டி ஆத்தூருக்குப் போயிரும். என்னண்ணா?"

இவர் "சரி" என்றார். யாருக்குச் சரி சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

8 அக்டோபர், ஞாயிறு

பதினெட்டாம் தேதி போவதாக முடிவு. ஆயுத பூஜை, எனக்கும் ஞானதாஸுக்கும் விடுமுறை. அன்று லாரியே ஓடாது, ரோடு காலியாக இருக்கும் என்றாள் மகள் செல்வமேரி. கெட்டிக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

15 அக்டோபர், ஞாயிறு

இவர் வரமாட்டாராம்.

18 அக்டோபர், புதன்

உடம்பெல்லாம் வலிக்கிறது. எழுதாமல் படுக்க மனமில்லை.

காலையில் கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்தேன். "அண்ணன் வர வேண்டாமுங்க, உடம்பு தாங்காது" என்றார் ஞானதாஸ். அவ்வளவுதான், இவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து பின் சீட்டில் செல்வமேரி பக்கத்தில் ஏறினார். என்னைப் பார்க்கவில்லை. முன் சீட்டில் ஞானதாஸ், கையில் ஜெபமாலை.

இராசிபுரம் தாண்டியதும் வழியெங்கும் லாரிகள், வாழைக்கன்றும் மாலையுமாகக் கல்யாண மாப்பிள்ளைகள் போல நின்றன. நாமக்கல்லில் செல்வமேரி கோட்டைக்கு ஏறி மேலிருந்து கை ஆட்டினாள். இவர் வண்டியிலேயே இருந்தார். ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்செங்கோட்டு மலையடியில் எலுமிச்சம்பழச் சாதம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஞானதாஸ் தீர்ப்புச் சொன்னார்: "இதுவரைக்கும் ரோடு நல்லா இருந்துச்சு."

மல்லசமுத்திரத்தில் ஒரு கடை முன்னால், நடு ரோட்டில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். அதற்குள் இருந்த காசைப் பொறுக்கப் பிள்ளைகள் ஒரு கும்பல். பிரேக்கை மிதித்து ஓரமாக ஒடித்தேன். பிள்ளைகள் தப்பினார்கள். முன் டயரில் வேலமுள் ஏறி, புஸ்ஸென்று இறங்கிவிட்டது.

எதிரிலேயே ஒரு மெக்கானிக் பட்டறை இருந்தது. என் பந்தயம் போயிற்று, பரவாயில்லை, வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றுகூட நினைத்தேன். உள்ளே ஸ்பேனர், சுத்தியல், காற்றடிக்கும் பம்பு எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமி படத்தின் முன்னால் வரிசையாக இருந்தன. பட்டறைக்கார அப்புசாமி புது வேட்டியில் வந்தார்.

"சாமிகிட்ட வெச்சாச்சுங்களே. நாளைக்குத்தானுங்க எடுக்கோணும்."

நாங்கள் வேதக்காரர்கள், எங்களுக்கு இதெல்லாம் கிடையாது என்றார் ஞானதாஸ்.

"உங்களுக்கு இல்லீங்க. ஸ்பேனருக்கு இருக்குதுங்களே."

எங்களுக்கு அது லீவு நாள். லாரி ஓடாது என்று தெரிந்தும், மற்றவர்கள் வீட்டில் ஆயுதங்களுக்கும் அன்று ஓய்வு என்பது எங்கள் நாலு பேரில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. இந்த ஊரில்தானே பிறந்து வளர்ந்தோம்?

எங்கள் வண்டியின் ஜாக்கிக்கும் ஸ்பேனருக்கும் பொட்டு வைத்திருக்கவில்லை. டிக்கியைத் திறந்தேன். ஸ்பேனரை ஞானதாஸ் பிடுங்கிக்கொண்டு நட்டோடு மல்லுக்கட்டினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். கூட்டத்தில் சுண்டல் சட்டியோடு நின்ற ஓர் அம்மாள், பெருமாயி என்று பேராம், யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: "அந்தய்யா கழட்டறாராட்டத் தெரியல, இறுக்கறாராட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். ஞானதாஸ் ஸ்பேனரைக் கீழே போட்டார். பஸ்ஸில் போய்விடலாம் என்றார். "அண்ணா, நீயாவது சொல்லு. நடு ரோட்டுல மானம் போவுது."

இவர் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"தள்ளி நில்லுடா."



புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். கையால் நட்டு அசையவில்லை. ஸ்பேனரை மாட்டி அதன் நுனியில் ஏறி நின்றேன். வருடா வருடம் நெம்புகோல் பாடம் நடத்துகிறேன், அதன் மேல் ஏறி நின்றது இன்றுதான். கிரீச்சென்று விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையாக நான் எதையும் கேட்டதில்லை. மற்ற நட்டுகளும் அதே வழிக்கு வந்தன. ஜாக்கி வைத்தேன், மாற்றுச் சக்கரத்தைப் பூட்டினேன். அப்புசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்து குனிந்து பார்த்தார். "நல்லாத்தானுங்க மாட்டியிருக்கறீங்க."

பெருமாயி கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். "ஏனுங்கம்மிணி, நீங்க டிரைவரம்மாங்களா?" காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். ஞானதாஸைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பறம் இந்தய்யா எதுக்குங்க கூட வாராரு?"

செல்வமேரி இலையில் வாங்கிய சுண்டலைக் கொட்டிவிட்டாள், சிரித்து.

நான் வண்டிக்குத் திரும்பியபோது முன் சீட்டில் இவர் உட்கார்ந்திருந்தார். ஞானதாஸ் பின்னால் ஏறினார். ஆட்டையாம்பட்டி தாண்டினோம். பிறகு இவர், "மூணாவதுல போடு" என்றார்.

"போட்டாச்சுங்க."

"ம்."

கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்தோம். ஞானதாஸ் இறங்கி, "ஆலைக்காரருக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வாராருங்க அண்ணி" என்றார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் ஜெயித்தேன், சந்தேகமே இல்லை. யாரும் கை கொடுக்கவில்லை, ஞானதாஸ் மல்லுக்கட்டியது அந்தக் கணக்கில் வராது. ஆனால் வண்டி இவர் பேரில் இருக்கிறது. நாளைக்கு இவர் என்ன சொல்வார்?

19 அக்டோபர், வியாழன்

தண்டாயுதபாணி ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒரு டிரைவரை அழைத்து வந்திருந்தார், வண்டிக்குப் போட ஒரு சாமந்தி மாலையும். கூடவே ஞானதாஸ். இவர் காலையிலேயே சவரம் செய்து முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். நான் காப்பி கொண்டுபோனபோது இவர் பேசிக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கோணுங்க. வண்டி குடுக்கறதுக்கில்லீங்க. எங்க ஊட்டுல ஓட்டறாங்க."

ஞானதாஸ் வாயைத் திறந்தார். இவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். ஆலைக்காரர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். காரில் திரும்புகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேனே என்றார், வருத்தமாக.

பஸ் நிலையம் வரை நான் கொண்டுபோய் விட்டேன். எனக்கு முன்னால் இவர் போய் முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் மூன்று ஆண்பிள்ளைகள், ஆலைக்காரர் மடியில் மாலை. இறங்கியதும், வாங்கியது வாடக்கூடாது என்று அதை எங்கள் வண்டி முகப்பிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினார். ஞானதாஸ் கடைவீதிப் பக்கம் நடந்தே போய்க்கொள்கிறேன் என்றார்.

வீட்டுக்குத்தானே என்று இவரிடம் கேட்டேன். ஏற்காடு ரோட்டில் மலையடிவாரம் வரை போய்விட்டு வரலாம் என்றார் இவர். போனோம்.