ஏழாவது டி.சி.

நூறு சதவீத ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டிபட்டி அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். வீட்டுச் சாவி எதிர்வீட்டு மதலேனாளிடம் இருக்கிறது.

விடிகாலையில் கம்பம் பஸ் ஸ்டாண்டில் உங்கள் ஃபிளெக்ஸைப் பார்த்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் அத்தனை பேரும் தேர்ச்சியாம். அரையாண்டுத் தேர்வில் தவறிய ஆறு பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிய சாமர்த்தியத்தை மட்டும் அதில் போடவில்லை. இனி தேர்ச்சியைப் பார்த்துத்தான் சம்பளம் என்று தாளாளர் சொன்ன மறுவாரமே, சொல்லிக்கொடுப்பதைவிடத் துரத்திவிடுவது சுலபம் என்று கண்டுபிடித்த மூளையல்லவா!

அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழேதான் கேரளாவுக்குப் போகும் ஜீப் நின்றது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களோடு மெர்லின் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாள். அந்த ஆறு பேரில் ஒருத்தி.

"அக்கா, சார் நல்லாருக்காகளா? போட்டோவுல அழகா இருக்காக" என்றாள்.

அதில் கேலியே இல்லை. கேலி செய்திருந்தால்கூட உங்களுக்காகப் பரிந்து பேசியிருப்பேன்.

நம் கல்யாணத்தில் உங்கள் கணக்கு வாத்தியார் பிரான்சிஸ் சார் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "ரெண்டு தடவ பெயிலாகி, மூணாவதுலதாம்மா தேறுனான் உம் புருசன். அதுவரைக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போயி சொல்லிக்கொடுத்தேன்." நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

உங்கள் மார்க்கைப் பார்த்து அவருக்குச் சம்பளம் கொடுத்திருந்தால், இன்றைக்கு அந்த ஜீப்பில் மெர்லினுக்குப் பக்கத்தில் நீங்கள்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
ஏழாவது டி.சி.யைத் தானே எழுதிக்கொண்டவள்