அண்ணன் சாய்த்து மாட்டிய குழாய்

பஃபலோ,
டிசம்பர், முதல் ஞாயிறு

அன்பு மகள் தெக்லாவுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி இரெனா, கிழட்டுப் பூனை எல்லோரும் ஆண்டவர் தயவில் சுகம், அங்கே ஃபீனிக்ஸ் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகம் என்று கேட்டால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டித் தள்ளுகிறது, வாசலில் என் இடுப்பு வரை, முழங்கால் வரைதான் என்பாள் சித்தி, அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தவள், இறங்கித் தள்ளியவன் நான்.

கிறிஸ்துமஸுக்கு வந்தால் ஓட்டலில் தங்கிக்கொள்கிறோம் சித்தப்பா, அந்த மாடி அறைக் குளிர் பாப்பாவுக்குத் தாங்காது என்று போனில் சொன்னாயே, சரிம்மா என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டேன், அன்று சாப்பாடு இறங்கவில்லை. உன்மேல் தப்பில்லை, அப்பா அம்மா போனபிறகு அந்த அறையில் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவள் நீ. நிலவறை பாய்லரிலிருந்து உன் அறையைச் சூடாக்க ஆவி கொண்டுபோகிற குழாய் துருவேறி உள்ளே அடைத்துக் கிடந்தது. ஆள் கூப்பிடுங்க என்றாள் சித்தி. நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எதுக்குடி ஆளு என்று குழாய் முறுக்குகிற ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பழைய மரை அசைந்து கொடுக்கவில்லை, நான் போட்ட ஒரு முறுக்கில் வீடே தெருப்பக்கம் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள். குழாய் ஒரு குதிரைக் கனம், ஒற்றைக் கையால் இறக்கினேன். அதை மாட்டியது உன் அப்பா. ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே, பார்த்தாலே சிரிப்பு வரும். லியோன் அண்ணன் அன்னைக்கு நல்ல தண்ணியில இருந்திருக்காரு என்று சொல்லிவிட்டு, குழாய்க்குள் இருந்த துருவைக் குத்தித் தள்ளி, புதுக் கொக்கிகள் அடித்து, ரசமட்டம் வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்க மாட்டினேன்.

பாய்லரை மூட்டியதும் ஆரம்பித்ததம்மா, டங்கு டங்கென்று, உள்ளே ஒரு கொல்லன் குடியேறிவிட்ட மாதிரி. பக்கத்து வீட்டு பிரானியா சப்பாத்திக்கட்டையோடு ஓடிவந்து, எந்தக் கடங்காரன் சம்மட்டி அடிக்கிறது, எங்க வீட்டு மாதா படம் விழுந்துடுச்சு என்று சத்தம் போட்டாள். சித்தி படியில் நின்று, சண்டையில யாருங்க ஜெயிக்கிறது, நீங்களா பாய்லரா என்றாள். உன் அறை மட்டும் ஐஸ்.

குளிரவைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். உத்தரத்தில் அண்ணனின் பழைய கொக்கிகள் அப்படியே இருந்தன, பாய்லரை நோக்கி ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தாழ்வாக, விரல் வைத்து அளந்த மாதிரி. மேலே போன ஆவி ஆறித் தண்ணீராகி அதே குழாயில் திரும்பி வரவேண்டும், நான் மட்டமாக வைத்ததில் தண்ணீர் நடுவழியில் நின்றுகொண்டு, வருகிற ஆவியோடு முட்டியிருக்கிறது. இது எனக்கு முன்பே தெரியும், சும்மா சோதித்துப் பார்த்தேன் என்றேன். ஆமாமா, உங்க அண்ணன் குடிச்சிட்டு மாட்டின மாதிரியே நீங்களும் மாட்டுங்க என்றாள் சித்தி. என் கொக்கிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குழாயை உன் அப்பாவின் கொக்கிகளிலேயே தொங்கவிட்டேன். இப்போது பூனையின் மூச்சைவிடச் சத்தம் குறைவு.

நான் சொன்னால் நீ பாதியாகக் கழித்துக்கொள்வாய், அதனால் சித்தி செய்ததைச் சொல்கிறேன். இன்று மத்தியானம் கசகசா ரொட்டிக்குப் பிசைந்த மாவை, பொங்குவதற்குச் சூடான அடுப்படியில் வைக்காமல் உன் அறையில் கொண்டுபோய் மூடி வைத்தாள். எட்டிப் பார்த்தால், மாவு பொங்கித் துணியைத் தள்ளிக்கொண்டு கிண்ணத்துக்கு வெளியே தொங்குகிறது. அதைப் பார்த்தவள் பரணிலிருந்து உன் பழைய தொட்டிலை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். ஓட்டலுக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே.

உன் அப்பாவின் தம்பி,
சித்தப்பா லுட்விக்