பாதத்தை மட்டும்தான் எடுத்தேன்

ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட், பினாங்கு
5 ஏப்ரல் 2026

என் ஸஹ்ராவுக்கு,

நலமா என்று கேட்டால் முறைப்பாய். அதனால் சாப்பாடு எப்படி என்று கேட்கிறேன். உன் விடுதியில் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் நானெல்லாம் தபால்தலை வாங்க அலைகிறேன். போஸ்ட் ஆபீஸ் அக்கா, "யாருக்குமா, பாய்ஃபிரண்டா?" என்று சிரிக்கிறார். இது மூன்றாவது கடிதம். நீ ஒன்றுக்குக்கூடப் பதில் போடவில்லை, போ!

மே 30 சனிக்கிழமை எனக்குச் சலங்கை பூஜை. முதன்முதலாகச் சலங்கை கட்டி மேடையில் ஆடப்போகிறேன். உனக்கும் அப்போது விடுமுறைதான், வந்தே ஆகவேண்டும். சனிக்கிழமை லெட்சுமி டீச்சரிடம் கற்றதை ஞாயிற்றுக்கிழமை எங்கள் பதினான்காவது மாடி லிஃப்ட் பக்கத்தில் உனக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் எனக்கே மனத்தில் நின்றது. இப்போது தனியாக ஆடினால் அடவு பாதியில் மறந்துபோகிறது. பதினாறு வயதில் எனக்கு வேறு தோழியே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

யாரோ ஒரு பாவி உன் ஆட்டத்தை டிக்டாக்கில் போட்டதால்தானே உன் அத்தா உன்னைப் பெர்லிஸ் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்? அது யாரென்று தெரியட்டும், சும்மா விடமாட்டேன்.

உன்னை எதிர்பார்த்துக் கிடக்கும்,
சுபாஷினி


பெர்லிஸ்
19 ஏப்ரல் 2026

அன்புள்ள சுபா,

மூன்று கடிதமும் கிடைத்தன. கோபித்துக்கொள்ளாதே. இங்கே குளிக்க வரிசை, சாப்பிட வரிசை, துணி காயப்போடவும் வரிசை. எங்கள் அறையில் தமிழ் பேச ஒருத்தியும் இல்லை. தமிழைக் காதால் கேட்கவேண்டும் போலிருந்தது, உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். பக்கத்துக் கட்டில் ஐனா பயந்துபோய், யாரோடு பேசுகிறாய் என்று மலாயில் கேட்டாள்.

ஒருநாள் துணிக்கொடி அருகில் யாரும் இல்லாதபோது நாட்டடவு போட்டுப் பார்த்தேன். நீ எதிரே நின்று வலது காலை நீட்டினால் நான் இடது காலை நீட்டியே பழகிவிட்டேன். எதிரே ஆளில்லாமல், எந்தக் காலில் தொடங்குவதென்றே தெரியாமல் நின்றேன்.

சலங்கை பூஜைக்கு வர எனக்கும் ஆசைதான். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வீடியோவை யார் போட்டது என்று உனக்கு நிஜமாகவே தெரியாதா?

துணி காய்ந்ததா என்று பார்க்க ஓடும்,
ஸஹ்ரா


பினாங்கு
3 மே 2026

ஸஹ்ரா,

உன் கேள்வியைப் படித்ததிலிருந்து அந்தக் கடிதத்தையே மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். "என்ன பிள்ளை, பேய் கீய் அடிச்சிருச்சா?" என்கிறார் அம்மா.

நான்தான்டீ போட்டேன். வேறு பெயரில் கணக்குத் திறந்து போட்டேன். உன் பாதத்தை மட்டும்தான் எடுத்தேன், முகம் கொஞ்சமும் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். நீ என்னைவிட நன்றாக ஆடுகிறாய். அதை நான் ஒருத்தி மட்டும் பார்ப்பது அநியாயமாகப் பட்டது. அதுவும் முழு உண்மை இல்லை. வீடியோவின் கீழே பலர், "டீச்சர் யாரு?" என்று கேட்டார்கள். நான்தான் என்று எழுதினேன். அந்தப் பெருமை எனக்கு வேண்டியிருந்தது.

உன் அத்தா கண்டுபிடித்துவிட்டார் என்றதும் அழித்துவிட்டேன். சொன்னால் நீ என்னோடு பேசமாட்டாய் என்ற பயம். மன்னிப்புக் கேட்கக் கை கூசுகிறது. ஆனாலும் மன்னித்துவிடு. வா. முதல் வரிசையில் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன்.

சுபா


ஒன்பதாவது மாடி, ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட்
24 மே 2026

சுபா,

வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்து மாடி ஏறி வர மனம் வரவில்லை. இதைத் தபாலில்தான் போடுகிறேன்.

நீதான் என்று எனக்கு முதலிலேயே தெரியும். அன்று படம் பிடித்தது நீ ஒருத்திதானே. அத்தாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். ஆறு வயதில் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் கொதிக்கிற குழம்பு கொட்டிய தழும்பு என் காலில் இருக்கிறது. அன்று என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர். முகம் எதற்கு அவருக்கு? கடையில் சாப்பிட வந்த இரண்டு பேர் அந்த வீடியோவைப் பார்த்துக் கேலியாகச் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீடியோ போட்ட கோபம் எப்போதோ போய்விட்டது. என் ஆட்டத்தை அத்தனை பேர் பார்த்தார்கள் என்று உள்ளுக்குள் குதித்தேன்கூட. ஆனால் மூன்று கடிதம் எழுதினாய், மூன்றிலும் அந்தப் பாவியைத் திட்டினாய். இதிலாவது சொல்வாள் என்றுதான் ஒவ்வொன்றையும் பிரித்தேன். நான் கேட்ட பிறகுதான் சொன்னாய். அங்கே எனக்கு இருந்த ஒரே துணை உன் கடிதம். அதிலும் பொய்.

நன்றாக ஆடு. நிஜமாகத்தான் சொல்கிறேன். அரைமண்டியில் பாதியில் எழும்பிவிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

உன் அம்மா அழைப்பிதழைக் கடையில் கொண்டுவந்து கொடுத்தாராம். "சினேகிதப் பிள்ளைல்ல, போய்ட்டு வாம்மா, நானே கொண்டாந்து விடுறேன்" என்றுதான் அத்தா சொன்னார். நான்தான் வரமாட்டேன் என்றேன்.

ஸஹ்ரா